கைவிடப்பட்ட பிள்ளைகளும் நம் ஜகாத்தும்: சில விளக்கங்கள்



ஷஃபான் பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடுதான் வரும். "ரமளானில் ஒரு நாள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் நோன்பு திறக்க வைக்கிறோம், எந்த நாள் காலியாக இருக்கிறது?" பிறை பார்ப்பதற்குள் முப்பது நாளும் நிரம்பிவிடும். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு மூன்று வீட்டு பிரியாணி ஒன்றாக வந்து இறங்கும். இருபத்தேழாம் கிழமைக்குக் கேட்கவே வேண்டாம். பெருநாள் முடிந்து ஆறு நோன்பும் கழிந்த பிறகு தொலைபேசி அடங்கிவிடும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஷூ, நோட்டு, வேன் கட்டணம் என்று இல்லம் திணறும்போது கேட்பதற்கு ஆளிருக்காது.

கொடுக்கிறவர்களின் மனதில் குறையில்லை. இல்லம் எப்படி நடக்கிறது, அங்கே இருக்கும் பிள்ளைகள் யார், எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற விவரம் பலருக்குக் கிடைப்பதில்லை. அதனால் எல்லா உதவியும் ஒரே மாதத்தில், ஒரே அண்டாவில் வந்து சேர்கிறது. அந்த விவரத்தை நம் குடும்பங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறோம்.

எல்லோரும் யத்தீம்கள் இல்லை

மார்க்கத்தில் யத்தீம் என்றால் பருவமடையும் முன்பே தகப்பனை இழந்த பிள்ளை. நம் முன்னோர் கட்டிய யத்தீம்கானாக்கள் அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுந்தன. 1921 மலபார் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஆண் துணையை இழந்தன. மறு ஆண்டே, 1922இல், பஞ்சாபிலிருந்து மௌலானா அப்துல் காதிர் கசூரி முன்கை எடுத்து, கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் அநாதை இல்லம் தொடங்கப்பட்டது. முகம் பார்த்திராத மாப்பிளா பிள்ளைகளுக்காக வட இந்தியாவிலிருந்து பணம் வந்தது. காலரா பரவிய 1943இல் திரூரங்காடியில் இன்னொரு யத்தீம்கானா எழுந்தது. போரிலும் கொள்ளைநோயிலும் மொத்தமாகப் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை.

இன்று இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. நம் ஊரில் மட்டுமல்ல, உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போன அத்தா பணம் அனுப்புவதை நிறுத்தி, எண்ணையும் மாற்றிவிட்டிருப்பார். குடியில் விழுந்தவராக இருப்பார். சிறையில் இருப்பார். தாய்க்கு மனநோய் இருக்கும், மருந்து வாங்கித் தர யாரும் இருக்க மாட்டார்கள். தாய் மறுமணம் செய்திருப்பார், முதல் தாரத்துப் பிள்ளையைப் புது வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்று பேரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு வீட்டு வேலைக்குப் போகும் பாட்டிமார்களும் உண்டு.

இந்தப் பிள்ளைகளை யாரும் யத்தீம் என்று சொல்வதில்லை. அதனாலேயே நம் கணக்கிலும் அவர்கள் விழாமல் போகிறார்கள். "அத்தா இருக்கிறாரே, அவர் பார்க்கட்டும்" என்று உறவினர்கள் சொல்லிவிடுகிறார்கள். அத்தா பார்க்க மாட்டார் என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும்.

நம் மார்க்கச் சட்ட நூல்களில் கைவிடப்பட்ட பிள்ளைக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. பெற்றோர் யாரெனத் தெரியாமல் கண்டெடுக்கப்படும் குழந்தைக்கு லகீத் என்று பெயர். அதைக் காப்பாற்றுவது சமுதாயத்தின் மீது கூட்டுக் கடமை, ஃபர்ளு கிஃபாயா. யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அபூ ஜமீலா என்பவர் வழியில் கிடந்த சிசுவை எடுத்துக்கொண்டு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்த செய்தி முவத்தாவில் இருக்கிறது. உமர் (ரலி) முதலில் செய்தது விசாரணை. ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான் என்று அவருடைய பகுதிப் பொறுப்பாளர் சாட்சி சொன்ன பிறகுதான் குழந்தையை அவரிடமே விட்டார்கள். அந்தக் குழந்தை சுதந்திரமானது என்றும், அதன் செலவு தங்கள் பொறுப்பு என்றும் அறிவித்தார்கள். அதாவது, எடுத்தவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. ஆளை விசாரித்தார்கள், செலவைப் பொதுவில் ஏற்றார்கள். இன்றைய சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதையேதான்.

பிள்ளை இல்லத்துக்கு வரும் வழி

இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஜனவரி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்பதை அது விரிவாகச் சொல்கிறது: வீடோ பிழைப்புக்கு வழியோ இல்லாதவர், பிச்சை எடுப்பவர், வேலைக்கு அனுப்பப்பட்டவர், வளர்க்கிறவரால் துன்புறுத்தப்படுபவர் அல்லது கவனிக்கப்படாதவர், நோயால் இயலாமல் போன பெற்றோரின் பிள்ளை, வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பெண் பிள்ளை. பெற்றோர் இறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை இல்லை.

அப்படி ஒரு பிள்ளையைப் பேருந்து நிலையத்திலோ தர்கா வாசலிலோ பார்த்தால் 1098 எண்ணுக்கு அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் உண்டு. பிள்ளையை வீட்டுக்கே திருப்பி அனுப்புவதா, உறவினரிடம் ஒப்படைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று தீர்மானிப்பது அவர்கள்தான். இல்லத்தின் கதவைத் தட்டி ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக நமக்கும் உரிமை இல்லை, வாங்கி வைத்துக்கொள்ள இல்லத்துக்கும் உரிமை இல்லை.

இது நம்மில் பலருக்குப் பிடிப்பதில்லை. "நம்ம பிள்ளையை நம்ம இடத்தில் சேர்க்க எதற்கு கலெக்டர் ஆபீஸ்?" என்று கேட்கிறார்கள். இதைவிடக் கவலைப்பட வேண்டியது இன்னொன்று: பிள்ளையில்லாத தம்பதிக்கு, கைவிடப்பட்ட குழந்தையைப் பேசி முடித்துக் கொடுத்துவிடும் பழக்கம். நன்மை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். சட்டப்படி அது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பொருந்தும். தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தும் தகவல் சொல்லாமல் இருப்பதும் குற்றமே.

சட்டம் இவ்வளவு இறுகியதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. மாமல்லபுரத்தில் ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றி வெளிவந்த கட்டுரை ஒன்றை வைத்து 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் போனது. அதுவே வழக்காகிப் பத்தாண்டு நடந்தது. 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இதை யாரோ நம் யத்தீம்கானாக்களைக் குறிவைத்துக் கொண்டுவந்த சட்டம் என்று பேசுவோர் உண்டு. எந்தச் சமயத்தவர் நடத்தினாலும், பூட்டிய கதவுக்குள் கேட்பாரற்ற பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நீங்கள் இல்லத்துக்குப் போகும்போது அந்தக் கண்ணாக இருக்கலாம். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். படுக்கும் கூடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்பது விதிகளில் உள்ள அளவு. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் புகார்ப் பெட்டி இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல நிர்வாகிகள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள்: படம் எடுக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளையின் பெயர், படம், பள்ளி என எதையும் வெளியிடுவது சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ, இரண்டு லட்சம் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். சட்டம் கிடக்கட்டும். சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, அதை அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை தன் வீட்டில் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளியில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கொடுத்ததைச் சொல்லிக்காட்டி தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பது நமக்குத் தெரியாததில்லை.

எந்தப் பணம் எதற்கு?

இதுதான் அலுவலகத்தில் அதிகம் விளக்க வேண்டியிருக்கும் விஷயம். சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஜகாத் யாருக்கு என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையாகச் சொல்கிறது. யத்தீம் என்ற சொல் அந்த எட்டில் இல்லை. யத்தீமுக்கு ஜகாத் சேருவது அவர் ஏழையாக இருப்பதால். வாப்பா விட்டுச் சென்ற கடையும் வீடும் உள்ள யத்தீமுக்கு அது சேராது. அதேபோல், வசதியுள்ள தகப்பன் உயிரோடு இருக்கும் சிறு பிள்ளையைச் செல்வந்தராகவே கணக்கிடுவது ஹனஃபி சட்டம். அப்படியானால் தகப்பன் ஓடிப்போன பிள்ளை? தகப்பனுக்குச் சொத்து உண்டா, அவரிடமிருந்து செலவு வாங்க வழி உண்டா, பிள்ளை யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பெயர் சொல்லாமல் ஆலிம்களின் முன் வைத்து, அவர்கள் சொன்ன பிறகே ஜகாத் கணக்கில் எழுதுகிறோம்.

அடுத்தது, ஜகாத் பொருள் ஏழையின் உடைமையாக ஆக வேண்டும். துணி, புத்தகம், பள்ளிக் கட்டணம், மருந்து, கண்ணாடி, சைக்கிள் ஆகியவை பிள்ளைக்கென்று, பிள்ளையின் பெயரில், பொறுப்பாளர் கையில் போய்ச் சேருகின்றன. அங்கே சிக்கல் இல்லை. எல்லோரையும் உட்கார வைத்து விருந்து போடுவது உடைமையாக்குவது ஆகாது என்பது ஹனஃபி ஆலிம்களின் விளக்கம். எனவே நோன்பு திறக்க வைத்த பிரியாணிச் செலவை ஜகாத்தில் கழித்துக்கொள்ள நினைப்பவர்கள் தங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லத்தின் வாடகை, மின்கட்டணம், மோட்டார் பழுது, சமையற்காரம்மாவின் சம்பளம், விடுதிக் காப்பாளரின் சம்பளம் இவற்றுக்கும் நாம் ஜகாத்தைத் தொடுவதில்லை. அவை ஸதகாவிலிருந்தும் வக்ஃபு வருமானத்திலிருந்தும்தான் நடக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்று இப்போது புரியும். ரமளானில் வருவது பெரும்பாலும் ஜகாத். மாதந்தோறும் இல்லத்தை நசுக்குவதோ சம்பளமும் வாடகையும். கையில் பணம் இருக்கும், காப்பாளருக்குக் கொடுக்க இருக்காது.

காப்பாளர் சம்பளம் என்றால் நம் மக்களுக்கு ஏனோ மனம் வருவதில்லை. "பிள்ளைகளுக்குத்தான் கொடுப்போம், வேலை செய்கிறவர்களுக்கு இல்லை" என்கிறார்கள். ஆனால், கவனிப்பாரற்று வந்த ஒரு பிள்ளைக்கு எது கிடைக்காமல் போனது என்று யோசித்துப் பாருங்கள். சோறு கிடைக்காமல் போனது ஒரு பகுதிதான். நேற்று இருந்த ஆள் இன்றும் இருப்பார் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு உடைந்துபோயிருக்கிறது. ஏழு வயதில் படுக்கையை நனைக்கும், தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. ஒரே காப்பாளர் ஓராண்டு, ஈராண்டு கூட இருந்தால் மெல்ல மெல்ல இவை விலகும். குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர் ஆறு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனால், பிள்ளை மறுபடியும் கைவிடப்படுகிறது, இந்த முறை நம் பராமரிப்பிலேயே. ஒரு நல்ல காப்பாளரை ஐந்தாண்டு நிறுத்தி வைப்பது நூறு விருந்துகளைவிட அந்தப் பிள்ளைக்குப் பெரிது என்று நாங்கள் நினைக்கிறோம்.

நூறு குடும்பங்கள் மாதம் ரூ.300 ஸதகாவாகத் தந்தால் மாதம் ரூ.30,000, ஆண்டுக்கு ரூ.3,60,000. ஒரு முறை தரும் பெருந்தொகையைவிட இந்த முந்நூறு பயன்படுவது, அடுத்த மாதமும் வரும் என்று நம்பி ஓர் ஆளை வேலைக்கு வைக்க முடிவதால்தான். தொடர்ந்து செய்யப்படும் சிறிய அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை இங்கே நினைவூட்டுகிறோம்.

வேறு சில பணங்கள் பற்றியும் கேட்கிறீர்கள். குர்பானித் தோலை விற்றால் அந்தத் தொகை ஏழைகளுக்குப் போக வேண்டும், அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் தோல் பணத்திலேயே இல்லங்களுக்கு நல்ல தொகை தேறியது. இப்போது தோல் விலை விழுந்து, வண்டி வாடகைக்கே காணாத நிலை. அதை நம்பி வரவு செலவு போடுவதை நிறுத்திவிட்டோம். வங்கி வட்டியை "கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதைத் தர்மமாக எண்ண முடியாது என்பதில் ஐயமில்லை. எங்கே கழிக்கலாம் என்பதை இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

குழு அனுப்பும் பிள்ளைகளில் பிற சமயத்தவரும் இருக்கிறார்களே, நம் பணம் அவர்களுக்கும் போகலாமா என்பது இன்னொரு கேள்வி. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு என்பதே பெரும்பான்மை ஆலிம்களின் கருத்து. ஸதகாவுக்கு அந்த எல்லை கிடையாது. ஏழைக்கும் யத்தீமுக்கும் கைதிக்கும் உணவளிப்போரை அல்லாஹ் புகழ்கிறான் (76:8). அன்றைய மதீனாவில் கைதி என்றால் பெரும்பாலும் எதிர்த்துப் போரிட வந்த இணைவைப்பாளர்தான். ஒரே பந்தியில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் தட்டில் மட்டும் கறி விழுவதை எந்த ஆலிமும் சரியென்று சொல்லமாட்டார். பிள்ளை எந்த மார்க்கத்தோடு வந்ததோ அதோடு வளர விடுவதும் இல்லத்தின் பொறுப்பு.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. இந்தியக் குடியுரிமையோடு சவூதியிலோ துபாயிலோ உழைக்கும் பிள்ளைகள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட மாமா, சாச்சா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென அரசு அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அனுப்பும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வருமான வரிச் சலுகை வேண்டுவோர் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம், சலுகை கிடைக்காது.

தாயிடமிருந்து பிரிக்காமல்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பிள்ளைகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை உண்டு. ஆனால், பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டும். ஓர் இரவு, மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக நின்றபோது ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். தாயிடம் போய்ச் சொன்னார்கள். மறுபடி அழுகை, மறுபடி போனார்கள். மூன்றாம் முறை அந்தப் பெண், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே, உதவித்தொகை வாங்குவதற்காகப் பிள்ளையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதாகச் சொன்னார். அன்று பஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) ஓதியது அழுகையால் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தொழுது முடித்ததும் விதியை மாற்றினார்கள்: பிறந்த நாளிலிருந்தே தொகை.

உதவி எந்த வாசலில் கிடைக்கிறதோ அந்த வாசலுக்குத்தான் ஏழைத் தாய் வருவாள். சோறும் படிப்பும் இல்லத்துக்குள் மட்டும் கிடைக்குமென்றால், பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு அழுதுகொண்டே போவாள். வறுமை மட்டுமே காரணமாக இருக்கும் இடத்தில் பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

அதற்கான உதவிகள் இருக்கின்றன, நம் பெண்களுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில், விதவை, கைவிடப்பட்டவர், தீராத நோயாளி போன்றோரின் பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைக்கும் மாதம் ரூ.2,000 தருகிறது. ஆதரவற்ற விதவைக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் மாதாந்திர உதவித்தொகை தனியே உண்டு. மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. சமுதாயம் நன்கொடை திரட்டித் தந்தால் அரசும் இணை மானியம் சேர்க்கும்.

விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு என்று கேட்பார்கள். இத்தா இருக்கும் பெண் இவற்றுக்கெல்லாம் அலைய முடியாது. கணவனின் இறப்பே பதிவாகாத வீடுகளும் உண்டு. மஹல்லாவில் ஒரு மவுத் நடந்தால் மூன்று நாள் சாப்பாடு அனுப்புகிறோம், அது சுன்னத். நான்காம் நாள் யாராவது ஒருவர் சான்றிதழ்களைத் தேடி எடுக்க உதவினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லத்தின் படி ஏறாமலே வளரலாம். நம் பெண் தன்னார்வலர்கள் இதைச் செய்கிறார்கள், வீட்டுக்கே வருவார்கள். தொகை கைக்கு வரும் வரையிலான மாதங்களுக்கு வாடகையையும் வேன் கட்டணத்தையும் ஜகாத்திலிருந்து கொடுக்கிறோம்.

வளர்க்க முன்வரும் வீடுகளும் இருக்கின்றன. வளர்ப்பவரின் பெயரைத் தகப்பன் பெயராக்கக் கூடாது, சொந்தத் தகப்பன் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை (33:5). தத்தெடுக்கும் உரிமை சட்டப்படி எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு, விரும்பாதவரை அது கட்டாயப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நமக்கு ஒத்துவருவது அதே சட்டத்திலுள்ள வளர்ப்புப் பராமரிப்பு: பிள்ளை தன் பெயரோடும் வம்சத்தோடும் உங்கள் வீட்டில் வளரும், குழந்தைகள் நலக் குழு அவ்வப்போது வந்து பார்க்கும். மஹ்ரம் விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே ஆலிமிடம் பேசிவிடுங்கள். வாரிசுரிமை இல்லாவிட்டாலும் சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் வசிய்யத் எழுதிவைக்கலாம்.

பதினெட்டு முடிந்த பிறகு

இல்லத்தில் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளுக்குத் தேர்வைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பதினெட்டு நிறைந்தால் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை பதினெட்டில் தனியாகச் சென்னைக்குப் போனால் எத்தனை தடவை போன் செய்கிறோம்! இவர்களுக்கு யார்?

யத்தீம்களைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் தெரிந்த பிறகே அவர்களின் சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:6). வயது வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. சட்டத்திலும் பிற்காப்பு என்றொரு ஏற்பாடு 21 வயது வரை உண்டு. ஆனால் நடைமுறையில் தேவைப்படுவது, வாடகைக்கு அறை கொடுக்க ஒருவர், முன்பணம் தர ஒருவர், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்க்கும்போது பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட ஒருவர். பெருநாள் அன்று தொழுதுவிட்டு எந்த வீட்டுக்குப் போவது என்ற கேள்விக்கும் ஒரு வீடு வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பதினெட்டு முடிந்த கையோடு நிக்காஹ் நடத்தி வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்ற நினைப்பு. சீர் கொடுக்கப் பணம் குவியும், கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்டால் யோசிப்பார்கள். தாய்வீடு இல்லாத பெண்ணுக்குக் கையில் ஒரு தொழிலோ படிப்போ இல்லையென்றால், புகுந்த வீட்டில் ஏதாவது நடந்தால் திரும்பி வர இடமில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நர்சிங்கோ ஆசிரியர் பயிற்சியோ முடிக்கட்டும், பிறகு அவள் சம்மதத்தோடு பேசலாம்.

காகிதங்களை முன்பே சேர்த்துவைப்பதும் முக்கியம். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று இல்லாமல் பதினெட்டில் வெளியே வரும் பிள்ளைக்கு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு ஏட்டில் மட்டுமே இருக்கும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து ஆதரவற்று வளர்ந்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அரசு வைத்திருக்கிறது. அதற்கும் சான்று வேண்டும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கும்படி இல்ல நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். தாலுகா அலுவலக நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற சகோதரர்கள் யாரேனும் வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் பெரிய உதவி.

மாதாந்திர ஸதகாவுக்கான படிவம் அலுவலகத்திலும், பெண்களுக்கு மதரஸா உஸ்தாதாவிடமும் கிடைக்கும். ஜகாத், ஸதகா, ஃபித்ரா என்று எந்தக் கணக்கில் தருகிறீர்கள் என்பதைப் படிவத்தில் கட்டாயம் குறியுங்கள். ரசீதும் அதே கணக்கில் தனித்தனியாகத் தரப்படும். ரமளானில் விருந்து கொடுக்க ஏற்கெனவே நாள் வாங்கியிருப்பவர்கள், விரும்பினால் அந்தத் தொகையின் ஒரு பகுதியை ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு மாற்றித் தரலாம். அப்படித் தருவோர் ஷஃபான் முடிவதற்குள் சொல்லிவிட்டால் அந்த நாள் சாப்பாட்டை இல்லத்துச் சமையலறையிலேயே செய்துவிடுவார்கள். மோட்டார் மெக்கானிக், ஏசி பழுதுபார்ப்பு, தையல், பேக்கரி தொழில் செய்வோர் பதினெட்டு நிறைந்த ஒருவரைத் தொழில் பழக்க எடுத்துக்கொள்ள முடியுமானால், கடைப் பெயரோடு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இஷா தொழுகை வரை திறந்திருக்கும்.